முன்கதைச் சுருக்கம்

2019-ம் வருஷம் ஏப்ரல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சேலையூரில் எங்கள் வீட்டு வராந்தாவில் நாற்காலியைப் போட்டுக் கொண்டு நான் காற்றுக்காகக் காத்திருந்தேன். அப்போது என் பேரன் ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து நீட்டினான். பார்வைக்கு மளிகைக் கடை ஜாபிதா போல் இருந்தது. எண் போட்டு, வரிசையாக, மொத்தம் 21 பெயர்கள்.

"என்னப்பா இது?" என்று கேட்டேன்.

"வர்ற வெள்ளிக்கிழமை 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வருது, தாத்தா. உங்களையும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன் இல்லையா? அதுக்கு முன்னாடி நீங்க பார்த்து முடிக்க வேண்டிய படங்க இதெல்லாம். எதுக்கு அப்புறம் எதுன்னு வரிசையா எழுதியிருக்கேன்."

நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். படம் ஒன்றுக்குச் சராசரி இரண்டு மணி நேரம் என்றாலும் நாற்பத்திரண்டு மணிக்குக் குறையாது. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டுமானால் தினம் எட்டு மணிக்கு மேல் உட்கார வேண்டும். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆன பிறகு, சம்பளம் இல்லாமல் மறுபடியும் ஒரு எட்டு மணி நேர உத்தியோகம்!

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி சினிமாவுக்கும் படிச்சுட்டுப் போகணுமா?"

"பார்க்காம போனா ஒண்ணுமே புரியாது, பாட்டி."

"புரியலன்னா உன்னைக் கேட்டுக்கறேன்."

"தியேட்டர்ல பேசக் கூடாது, பாட்டி!"

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. இருபத்தொன்றில் மிக அவசியமானவை என்று அவன் பொறுக்கிக் கொடுத்த மூன்றை மட்டும் நான் பார்த்தேன். என் மனைவி ஒன்றையும் பார்க்கவில்லை, படத்துக்கும் வரவில்லை.

படத்தின் முடிவில் ஒரு வீரன் உயிர் துறக்கும் கட்டம் வந்தது. எனக்கு முன் வரிசையில் இருந்த கல்லூரிப் பையன்கள் வாய்விட்டு அழுதார்கள். என் பேரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டான். எனக்கோ சங்கடமாக இருந்தது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் இறந்தவருடைய பெயர் சட்டென்று நினைவுக்கு வராமல் தவிப்பவனுடைய நிலைமை எப்படியிருக்கும்? அப்படித்தான் இருந்தது. முகத்தை எப்படி வைத்துக் கொள்வது என்றே தெரியவில்லை.

அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பல வீரர்கள் ஒன்று கூடும் கதையைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த வீரர்களின் பழைய கதைகளையெல்லாம் பார்த்தாக வேண்டுமா? பார்க்காதவன் கொட்டகைக்குள் வந்தால் அவன் அழையாத விருந்தாளிதானா? பையன்களின் விவகாரம் என்று இதைத் தள்ளிவிடத் தோன்றலாம். யோசித்துப் பார்த்தால், கதை சொல்லும் கலையைப் போலவே பழமையான விவகாரம் இது. நம்முடைய நாட்டில் ராஜாக்களே இதில் தலையிட்டிருக்கிறார்கள்!

முதலில் நம்முடைய சினிமாவையே எடுத்துக் கொள்வோம். 1957-ல் 'மாயா பஜார்' வந்தது. மகாபாரதத்தைச் சார்ந்த கதை. ஆனால் பஞ்ச பாண்டவர்களைத் திரையில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். கிருஷ்ணன் வருகிறான், பலராமன் வருகிறான், கடோத்கஜன் வந்து கல்யாணச் சமையலைக் காலி செய்கிறான். ஆனால் யாருக்காக இத்தனை அமர்க்களமோ அந்த ஐவர் மட்டும் வருவதில்லை. அதற்காக யாராவது 'எனக்கு ஒன்றும் புரியவில்லை' என்று எழுந்து போனார்களா? இல்லை. 1965-ல் வெளிவந்த 'திருவிளையாடல்' புராணத்திலிருந்து நான்கு கதைகளை எடுத்துத் தொடுத்துக் கொடுத்தது. அதற்கும் யாரும் முன்கூட்டி ஜாபிதா போட்டுப் படிக்கவில்லை.

காரணம் வெளிப்படை. அந்த ஜாபிதாவிலுள்ள கதைகளெல்லாம் வீட்டிலேயே முடிந்திருந்தன. ராத்திரிச் சாப்பாட்டின்போது, கையில் சோற்று உருண்டையை வைத்துக் கொண்டே பாட்டி சொல்லி முடித்திருந்தாள். அவளுக்கு அந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது? கோயிலிலிருந்தும் கூத்திலிருந்தும்தான்.

தொண்டை நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் திருவிழா நடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப் போவது தெரிந்திருக்கும். பகலில் பிரசங்கியார் உட்கார்ந்து பாரதம் சொல்லுவார். இரவில் அதே பாரதத்தின் ஒரு பகுதியைக் கூத்தாகக் கட்டி ஆடுவார்கள். நாளுக்கு நாள் கதை வளர்ந்து, கடைசியில் படுகளத்தில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் விழுவான். பிறகு தீமிதி நடக்கும். பகலில் முன்கதை, இரவில் காட்சி! என் பேரன் காகிதத்தில் எழுதிக் கொண்டு வந்த ஏற்பாட்டை, நம் கிராமத்து மக்கள் எவ்வளவோ காலமாக நடத்திக் கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் ஒரு காரியத்தை மறக்கவில்லை. பகலில் வயலில் வேலை செய்தவன் பிரசங்கத்துக்கு வந்திருக்க மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகையால் கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவனை வைத்தார்கள். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று கொண்டிருக்கும்போதே கட்டியங்காரன் விசாரணையைத் தொடங்கிவிடுவான். நீ யார், எந்த நாடு, என்ன காரியமாக வந்தாய் என்று அவன் கேட்க, வந்தவர் தம்முடைய பெயரையும் பெருமையையும் பாட்டாகச் சொல்லிவிட்டுத்தான் திரையை விலக்குவார். கதை தெரிந்தவனுக்கு அந்தப் பாட்டு விருந்து. தெரியாதவனுக்கு அதுதான் வாசற்கதவு. இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிட்டான் கட்டியங்காரன்.

ராஜாக்கள் தலையிட்டார்கள் என்றேன் அல்லவா? காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஒரு கிராமம். அங்கே கிடைத்த செப்பேடு, ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனுடையது. இவன் வாதாபி கொண்ட மாமல்ல நரசிம்மவர்மனின் பேரன். கூரத்துச் சிவன் கோயிலுக்கு அவன் விட்ட தானத்தில், அங்குள்ள மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பூஜைக்கும் விளக்குக்கும் ஒதுக்குவது போலவே கதைக்கும் ஒதுக்கியிருக்கிறான்! ஜனங்கள் எல்லோரும் ஒரே முன்கதையை அறிந்திருப்பது நாட்டுக்கு நல்லது என்று அந்தப் பல்லவ மன்னனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதற்கு நுழைவுச் சீட்டு வைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பல்லவனைச் சொல்லும்போது எங்கள் பக்கத்து ஊரான பல்லாவரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்குள்ள குன்றில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயில் ஒன்று இருக்கிறது. தூண்களின் மேல் அவனுடைய விருதுப் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பிற்காலத்தில் அது தர்காவாகிவிட்டது. பல்லாவரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்காக நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அதே பல்லாவரத்தில் 1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது ஆதி மனிதன் செய்து கொண்ட கற்கோடரி. இந்தியாவின் கற்காலத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அந்த ஒரு கல் தொடக்கமாக அமைந்தது. அடுத்த ஸ்டேஷனான குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையால். இந்த முன்கதைகளில் ஒன்றும் தெரியாமலேயே லட்சக்கணக்கான பேர் இங்கே வீடு கட்டி, குழந்தை பெற்று, வரி கட்டிச் சௌக்கியமாக வாழ்ந்து கொண்டிருக்கிறோம். ஊர் நம்மைத் தள்ளிவிடவில்லை. தெரிந்து கொண்டவனுக்கு மட்டும் அதே தெருவில் நடக்கும்போது கொஞ்சம் கூடுதலாக ஏதோ கிடைக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக் கொண்டு மேலே போவோம்.

மகேந்திரவர்மனும் மாமல்லனும் தமிழ் வாசகர்களுக்கு உறவினர் போல ஆனது செப்பேட்டினால் அல்ல, பத்திரிகையினால்தான். கல்கி அவர்கள் தமது வாரப் பத்திரிகையில் 1941 முதல் 1943 வரை 'பார்த்திபன் கன'வை எழுதினார். 1944 முதல் 1946 வரை 'சிவகாமியின் சபத'த்தை எழுதினார். இதில் ஒரு விசேஷம் உண்டு. முதலில் எழுதிய கதை பின்னால் நடப்பது. பின்னால் எழுதிய கதை முன்னால் நடப்பது! 'பார்த்திபன் கன'வில் மாமல்லன் வயது முதிர்ந்த சக்கரவர்த்தி, குந்தவி என்னும் பெண்ணுக்குத் தகப்பன். 'சிவகாமியின் சபத'த்தில் அவன் மீசை அரும்பும் இளவரசன், சிற்பியின் மகளிடம் மனத்தைப் பறிகொடுத்தவன்.

எதை முதலில் படிப்பது? எங்கள் வீட்டில் அந்தக் காலத்திலேயே இந்தத் தர்க்கம் நடந்திருக்கிறது. என் தாயார் பத்திரிகையில் வந்த வரிசையில் படித்தவள். என் அத்தை பைண்டு செய்த புஸ்தகங்களை வாங்கி, சரித்திர வரிசையில் படித்தவள். அத்தை சிவகாமியின் காதலைப் படித்தபோது 'அடுத்தது என்ன?' என்று பதைபதைத்தாள். என் தாயாருக்கோ அந்தப் பதைப்பு இல்லை. மாமல்லன் வாதாபியை வென்று திரும்புவான், சக்கரவர்த்தியாக வீற்றிருப்பான் என்பதெல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். ஆகையால் அவள் முதல் அத்தியாயத்திலிருந்தே சிவகாமிக்காக இரங்கத் தொடங்கிவிட்டாள். ஒருத்திக்குக் கிடைத்தது ஆவல். மற்றவளுக்குக் கிடைத்தது கருணை. எது உயர்ந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். இருவரும் கடைசி வரையில் விட்டுக் கொடுக்கவில்லை.

ஆனால், வாரா வாரம் கதை போட்ட நம் பத்திரிகாசிரியர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். தொடர்கதையின் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் 'முன்கதைச் சுருக்கம்' என்று பத்துப் பன்னிரண்டு வரிகள் போட்டார்கள். ரயிலில் முதல் முறையாகப் பத்திரிகையை வாங்கியவனும் அந்தப் பன்னிரண்டு வரியைப் படித்துவிட்டுக் கதைக்குள் இறங்கலாம். கூத்து மேடையிலிருந்து இறங்கி வந்த கட்டியங்காரன் அச்சாபீஸில் உத்தியோகம் ஏற்றுக் கொண்டான் என்றே சொல்ல வேண்டும்.

கடல் கடந்த நாட்டிலும் அவனுக்கு வேலை கிடைத்தது. அமெரிக்காவில் சித்திரக் கதைகள் பெருகிய காலத்தில், 1940-ல், தனித்தனியே பவனி வந்து கொண்டிருந்த வீரர்களை ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வைத்தது 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' என்ற பத்திரிகையின் மூன்றாவது இதழ். ஒரு வீரனை நேசிப்பவன் மற்றவர்களையும் தெரிந்து கொண்டு, அவர்களுடைய புஸ்தகங்களையும் வாங்குவான் அல்லவா? வியாபாரத்துக்கு வியாபாரம், விருந்துக்கு விருந்து. 1963-ல் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி என்ற இருவரும் 'அவெஞ்சர்ஸ்' கூட்டத்தைச் சேர்த்தார்கள். அந்தக் கதைகளில் பாத்திரம் எதாவது பழைய சம்பவத்தைக் குறிப்பிட்டால், சித்திரத்தின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் கட்டி, இது இன்ன இதழில் நடந்தது என்று ஆசிரியர் குறிப்புப் போடுவார். நம்முடைய முன்கதைச் சுருக்கத்துக்கு அவர் ஒன்றுவிட்ட சகோதரர்.

தமிழ்ப் பையன்களுக்கும் இந்த வீரர் உலகம் புதியதல்ல. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் வீரன் இரும்புக்கை மாயாவி. இன்று நரைத்த தலையோடு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறும் பெரிய மனிதர்களில் பலர், அன்று பாடப் புஸ்தகத்துக்குள் மாயாவியை வைத்துப் படித்தவர்கள்தாம்.

பிறகு 2008-ல் 'அயர்ன் மேன்' படம் வந்தது. நான்கு வருஷங்களில் ஐந்து படங்கள் எடுத்துவிட்டு, 2012-ல் வீரர்களை ஒன்று சேர்த்து 'தி அவெஞ்சர்ஸ்' எடுத்தார்கள். அதை நான் பிற்பாடு பார்த்தேன். முன்படங்கள் எதையும் அறியாதவனுக்கும் அது புரியும். ஒற்றைக் கண்ணில் கறுப்புத் துணி கட்டிய அதிகாரி ஒருவர் வீரர்களை ஒவ்வொருவராகத் திரட்டுகிறார். ஒருவரை ஒருவர் விசாரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், தெரிந்து கொள்கிறார்கள். ஆஹா, இவர் நம்ம கட்டியங்காரன் அல்லவா என்று நான் துள்ளிக் குதித்தேன்! ஆனால் ஏழு வருஷம் கழித்து இருபத்திரண்டாவது படமான 'எண்ட்கேம்' வந்தபோது கட்டியங்காரனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். தெரிந்தவர்களுக்காகவே சமைத்த பந்தி அது. தமிழிலும் அது வந்தது, ஏ. ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். உலகமெங்கும் சுமார் 280 கோடி டாலர் வசூலான பந்தியைக் குறை சொல்ல நான் யார்? வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்.

இனி நம்முடைய கதைக்கு வருகிறேன்.

2022-ம் வருஷம் ஜூன் மாதம் 3-ந் தேதி 'விக்ரம்' வெளிவந்தது. அதற்கு முந்திய நாள் டைரக்டர் லோகேஷ் கனகராஜ் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் வெளியிட்டார். விக்ரமின் உலகத்துக்குள் வருவதற்கு முன்னால் 'கைதி'யை இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று அதில் கேட்டுக் கொண்டார். 'கைதி' 2019-ம் வருஷத்துத் தீபாவளிப் படம். சிறையிலிருந்து விடுதலையான ஒருவன், பார்த்தேயிராத தன் மகளைப் பார்க்கப் புறப்பட்டு, ஒரே இரவில் படும் பாடுதான் கதை. தமிழ் சினிமாவில் டைரக்டரே ரசிகர்களுக்கு வீட்டுப் பாடம் கொடுத்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. என் பேரனுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களா தாத்தா? நான் சொன்னப்ப சிரிச்சீங்களே!" என்றான்.

அந்தக் கடிதத்தில் அடங்காத இன்னொரு முன்கதையும் இருந்தது. 1986-ல் இதே கமல்ஹாசன் நடித்து 'விக்ரம்' என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. எழுத்தாளர் சுஜாதாவின் கதை. குமுதத்தில் தொடர்கதையாகவும் வந்தது. அதை நானும் என் மனைவியும் தாம்பரத்தில் பார்த்தோம். எங்கள் மகனுக்கு அப்போது நாலு வயது. படம் பாதிக்கு மேல் தூங்கிவிட்டான். நான்தான் தோளில் போட்டுக் கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்று பேருமாகக் குரோம்பேட்டை வெற்றி தியேட்டருக்குப் போனோம். ஜி. எஸ். டி. ரோட்டில் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் அலைந்து, ஒரு வழியாக உள்ளே போய் உட்கார்ந்தோம். பேரன் எல்லாவற்றையும் பார்த்தவன். நான் கடிதத்துக்கு மரியாதை கொடுத்து முந்திய இரவே 'கைதி' பார்த்தவன். என் மனைவி அதைப் பார்க்க மறுத்துவிட்டாள். ஆக, மூன்று விதமான ரசிகர்களும் ஒரே வரிசையில் இருந்தோம். இதைவிட நல்ல பரிசோதனை வேறு எங்கே கிடைக்கும்?

'கைதி'யில் வந்த போலீஸ் அதிகாரி பிஜாய் திரையில் தோன்றியபோது பேரன் விசில் அடித்தான். நான் தலையசைத்தேன். என் மனைவி அந்த மனிதரைச் சாதாரணமாகப் பார்த்துக் கொண்டிருந்தாள். அவளுக்கு நஷ்டம் ஒரு விசில், அவ்வளவுதான். முடிவில் பழைய கூட்டத்து ஆட்கள் வந்து நின்றபோது, "யாரு இவங்க?" என்று மெல்லக் கேட்டாள். "முன் படத்து வில்லனுங்க, பாட்டி. இப்ப இன்னொருத்தன்கிட்ட முறையிட வந்திருக்காங்க" என்றான் பேரன். பத்து வார்த்தையில் முன்கதைச் சுருக்கம் முடிந்தது! அடுத்தாற்போல் சூர்யா தோன்றினார். கொட்டகையே இடிந்து விழும் போல் ஆரவாரம். அந்த ரோலெக்ஸ் என்னும் பாத்திரத்துக்கோ எந்த முன்படமும் கிடையாது. முன்பின் அறியாத பாத்திரத்துக்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய கைதட்டல்! ஜனங்கள் பாத்திரத்துக்கா கை தட்டினார்கள்? 1997-லிருந்து பார்த்துப் பழகிய முகத்துக்கல்லவா தட்டினார்கள்? அப்படிப் பார்த்தால் என் மனைவியும் முன்படம் பார்க்காதவள் அல்ல. 1960-ல் 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தையாக வந்த நாளிலிருந்து கமல்ஹாசன் அவளுக்குப் பழக்கம். அறுபது வருஷத்து முன்கதையை அவள் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல.

அந்தப் படத்தில் ஒரு பெரியவர். மகனைப் பறிகொடுத்தவர். அந்த மகனின் குழந்தை இவர் பொறுப்பில் இருக்கிறது. இருதயம் பலவீனமான குழந்தை. பெரிய சத்தம் கேட்டால் தாங்காது. வெளியே உலகமே வெடித்துக் கொண்டிருக்கும்போது, அந்தத் தாத்தா குழந்தையின் காதில் சத்தம் விழாமல் பார்த்துக் கொள்கிறார்.

எங்கள் வீட்டில் 2021-ம் வருஷம் மே மாதத்தில் ஒருவர் குறைந்து போனார். பேரனுடைய தகப்பன், நான் தாம்பரத்திலிருந்து தோளில் போட்டுக் கொண்டு வந்தவன். அதைப் பற்றி நான் எழுதியதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. அந்தக் காட்சியில் என் மனைவி இருட்டில் கையை நீட்டிப் பேரனின் கையைப் பிடித்துக் கொண்டாள். அவன் திரையைப் பார்த்தபடியே இருந்தான். கையை விலக்கிக் கொள்ளவில்லை. கொட்டகையில் இருந்த ஆயிரம் பேர் முந்திய இரவு என்னென்ன படம் பார்த்துவிட்டு வந்திருந்தார்களோ, நான் அறியேன். அந்தக் காட்சிக்கு வேண்டிய முன்படத்தை எங்கள் வரிசையில் இருந்த மூவரும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.

கதைக்கு மூன்று முன்கதைகள் உண்டு என்று எனக்கு அன்று புரிந்தது. பாத்திரத்தின் முன்கதை ஒன்று. அதை முந்திய இரவு பார்த்துத் தெரிந்து கொள்ளலாம். நடிகரின் முன்கதை ஒன்று. அது ஊரோடு வாழ்ந்தால் தானே சேரும். மூன்றாவது பார்க்க வந்தவனின் முன்கதை. அதை யாரும் ஜாபிதா போட்டுக் கொடுக்க முடியாது. முதலாவதை மட்டும் நம்பி எடுத்த படம் தேர்ந்த ரசிகர்களின் சங்கமாகிவிடும். மூன்றாவதைத் தொடுகிற படத்துக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம்.

அதே வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி மணி ரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வந்தபோது, இந்தத் தர்க்கம் வீட்டுக்கு வீடு நடந்தது. ஐந்து பாகத்தையும் படித்துவிட்டுப் போவதா, படிக்காமல் போவதா? 1950 முதல் 1954 வரை வாரா வாரம் காத்திருந்து படித்த கதையை ஒரு மாதத்தில் முடிக்க வேண்டுமென்று இளைஞர்கள் புஸ்தகக் கடைகளை முற்றுகையிட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண், 'பார்த்திபன் கன'வில் வரும் குந்தவியையும் இதில் வரும் குந்தவையையும் ஒருத்தி என்று நினைத்து, முந்நூறு வருஷத்தை ஒரே மூச்சில் தாண்டிவிட்டாள்! படத்தின் தொடக்கத்திலோ கமல்ஹாசனின் குரல் சோழ நாட்டின் நிலைமையைச் சொல்லி நம்மை உள்ளே அழைத்துப் போயிற்று. கட்டியங்காரன் திரும்பி வந்தான் என்று நான் மகிழ்ந்தேன்.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிட வேண்டும். பாரதம் எல்லோருக்கும் பொதுவான சொத்து. பாட்டி சொன்னதற்கு அவளுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. கூரத்தில் வாசித்ததற்கு ராஜா கொடுத்தான். இன்றைய வீரர்கள் கம்பெனிகளின் சொத்து. அவர்களுடைய முன்கதையை அறிய மாதச் சந்தா கட்ட வேண்டும். இந்தப் படத்துக்கு ஒரு கம்பெனி, அந்தப் படத்துக்கு இன்னொரு கம்பெனி. சந்தா கட்ட முடியாத வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்களின் பேச்சு புரியாமல் நிற்கிறான். 'பார்த்துவிட்டு வா' என்று சொல்வது சுலபம். பார்க்க முடியாதவனுக்காகக் கதையிலேயே ஒரு கதவு வைப்பது கதை சொல்கிறவனின் கடமை. நானும் கதை எழுதிப் பிழைத்தவன். எனக்கும் சேர்த்தே இதைச் சொல்லிக் கொள்கிறேன்.

சரி, பார்க்கத்தான் வேண்டுமா, வேண்டாமா? தீர்ப்புச் சொல்லாமல் நழுவுகிறேன் என்று நினைக்காதீர்கள். 1931-லிருந்து பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடுகிறது. தாம்பரத்திலிருந்து புறப்படும் வண்டியில் அங்கேயே ஏறுகிறவனுக்கு ஜன்னலோரத்தில் இடம் கிடைக்கும். குரோம்பேட்டையில் ஏறுகிறவன் நின்று கொண்டு போவான். பரங்கிமலையில் ஏறுகிறவன் தொங்கிக் கொண்டு போவான். ஆனால் மூவரும் பீச்சுக்குப் போய்ச் சேருவார்கள். ஜன்னலோரம் வேண்டுமா, முன்கூட்டியே போங்கள். அவகாசம் இல்லையா, வருகிற ஸ்டேஷனில் ஏறிக் கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பவர் நிற்பவரைப் பார்த்து 'நீ ஏன் தாம்பரத்தில் ஏறவில்லை?' என்று கேட்காமல் இருந்தால் போதும். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தால் இன்னும் விசேஷம். உங்களிடம் பிரியமுள்ள ஒரு பையன் ஜாபிதாவோடு வந்தால் மட்டும், அதில் ஒன்றையாவது அவனோடு உட்கார்ந்து பாருங்கள். படத்துக்காக அல்ல, பையனுக்காக.

என் மனைவி 'விக்ரம்' பார்த்துவிட்டு வந்த பிறகு, ஒரு மத்தியானம் தானாகவே 'கைதி'யைப் போடச் சொல்லிப் பார்த்தாள். அதில் ஒரு போலீஸ்காரர், நெப்போலியன் என்று பெயர். நாலைந்து மாணவர்களைத் துணைக்கு வைத்துக் கொண்டு ராத்திரி முழுதும் கமிஷனர் ஆபீஸைக் காப்பாற்றுகிறவர். அவரை அவளுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

2023 அக்டோபரில் 'லியோ' வந்தது. மறுபடியும் மூவருமாகப் போனோம். அதே நெப்போலியன் திரையில் தோன்றினார். கொட்டகையில் சிரிப்பும் விசிலும் எழுந்தன. என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், மடியில் குழந்தையோடு, "யாருக்கா இவரு? எதுக்கு எல்லாரும் கை தட்டுறாங்க?" என்று கேட்டாள்.

என் மனைவி அவள் பக்கம் சாய்ந்து கொண்டு, "ரொம்ப நல்ல மனுஷன்மா. ஒரு ராத்திரி எல்லாரும் ஓடிப் போனப்ப, இவர் மட்டும் ஸ்டேஷனை விட்டுப் போகாம நின்னாரு" என்றாள்.

தியேட்டரில் பேசக் கூடாது என்று என் பேரன் சொல்லவில்லை.